கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஒரு தாய்

கடாரம் என்னும் பெயர் தமிழாசிரியர் எவர்க்கும் இனிப்பது. 1025-ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழனின் கடற்படை வந்து வென்ற நாடு என்றும், பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில் எச்சங்கள் பழந்தொடர்புக்குச் சான்று என்றும் வகுப்பறையில் சொல்லும்போது ஆசிரியரின் குரல் தானே ஓங்கும். அப்பெருமையில் தவறில்லை. ஆனால், அதே கடாரமாகிய கெடா மாநிலத்தில், ஏழாம் மாதத்திலேயே பிறந்து மூச்சுக்குத் தத்தளிக்கும் ஒரு தோட்டத்துக் குழந்தையின் அருகில் அதன் தாய் அமர்வதற்கு ஒரு நாற்காலி உண்டா என்னும் கேள்வி தமிழர் மேடைகளில் எழுவது அரிது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கப்பல்களை எண்ணத் தெரிந்த சமுதாயம், இன்றைய மருத்துவமனையின் நாற்காலிகளை எண்ணத் தவறிவிட்டது.

நாற்காலி என்றதும் சிலர் நகைக்கலாம். உயிர் காக்கும் இயந்திரங்களைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் நாற்காலியைப் பற்றிப் பேசுவதா என்று கேட்கலாம். அவர்கள் நகைப்பதற்கு முன் ஒரு காட்சியை எண்ணிப் பார்ப்பது நன்று.

பாலிங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் வாழும் இளம்பெண் ஒருத்தி, மாதம் நிரம்புமுன் ஒன்றரைக் கிலோ எடையுள்ள குழந்தையை ஈன்றாள் என்று வைத்துக்கொள்வோர், அதற்குப் பின் நடப்பதையும் எண்ண வேண்டும். குழந்தை தீவிர சிகிச்சை வேண்டி ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சுங்கை பட்டாணிக்கு ஆம்புலன்ஸில் செல்கிறது. தாய் பிறந்த இடத்திலேயே தங்குகிறாள். சில நாள் கழித்து அவள் பேருந்தேறி வருகிறாள். தையல் ஆறாத வயிற்றோடு படியேறுகிறாள். பார்வை நேரம் வரும்வரை காத்திருக்கிறாள். பிறகு கண்ணாடிக்கு அப்பால் குழாய்களுக்கிடையே கிடக்கும் ஓர் உருவத்தைச் சில நிமிடம் காண்கிறாள். அது தன் குழந்தைதான் என்பதைக் காலில் கட்டிய அட்டையே அவளுக்குச் சொல்கிறது. மாலைப் பேருந்தைத் தவறவிட்டால் தங்க இடமில்லை, ஆகவே திரும்புகிறாள். ஒரு வாரத்தில் பால் வற்றுகிறது. இரண்டு வாரத்தில் அவள் வருவது குறைகிறது. "தாய்க்கு அக்கறையில்லை" என்று எவரோ சொல்லிவிடுகின்றனர்.

அக்கறை இல்லாமற் போனது தாயிடத்திலன்று, வரைபடத்தில். அவ்வறையை வரைந்தவர் இயந்திரத்துக்கு இடம் விட்டார். மின்செருகிக்கு இடம் விட்டார். தாதியின் மேசைக்கு இடம் விட்டார். தாய்க்கு இடம் விடவில்லை. பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைக் கூடத்தை வரையும்போது முதற்கோடு தாயின் இடத்துக்கே உரியது. ஏனைய யாவும் அதைச் சுற்றி அமையத் தக்கவை. வசதி பெருத்த நாட்டுக்கு இது நாகரிகமாக இருக்கலாம். வசதி குறைந்த இடத்துக்கோ இதுவே மிக மலிவான, மிக வலிய மருத்துவக் கருவி.

தோட்ட வாழ்வு அறிந்தவர்க்குத் தாய்-சேய்ப் பிரிவு புதிதன்று. விடியுமுன் பெரட்டு, அதற்குள் குழந்தையைத் துணியில் சுற்றி ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் பால்மரக் காட்டுக்கு ஓட வேண்டும். மார்பில் பால் கட்டிக்கொண்டு நோகும். மரத்துப் பாலோ குறித்த நேரத்துக்குள் கொட்டகைக்கு வந்து சேர வேண்டும். கூலிமிலும் பாடாங் செராயிலும் பீடோங்கிலும் கோலக் கெட்டிலிலும் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் இப்படித்தான் பிள்ளை வளர்த்தனர். தோட்ட நிருவாகம் இடத்தை வகுத்த முறையிலேயே தாய் ஓரிடம், சேய் ஓரிடம் என்பது விதியாயிற்று. வேலை நடக்க வேண்டும் என்பதற்காக வகுக்கப்பட்ட அந்தப் பிரிவைக் குழந்தையைக் காப்பதற்கென்றே எழுந்த கட்டடமும் மேற்கொள்வது எவ்வளவு பெரிய முரண்!

இந்நாட்டின் சுகாதாரப் பணியைக் குறைத்துப் பேசுவது நியாயமாகாது. 1957-இல் மலாயாவில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 75-க்கு மேற்பட்டவை முதலாண்டு முடியுமுன் இறந்தன. இன்று அவ்வெண்ணிக்கை பத்துக்கும் கீழ். கிராமச் சிற்றூர்களில் எழுந்த மருந்தகங்களும், வீடுதோறும் சென்ற கிராமத் தாதியரும், தடுப்பூசியும், குழாய்த் தண்ணீரும் இதைச் செய்தன. அலோர் ஸ்டாரில் சுல்தானா பஹியா மருத்துவமனையும் சுங்கை பட்டாணியில் சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனையும் இன்று பச்சிளங்குழந்தைகளுக்குத் தீவிர சிகிச்சை அளிக்கின்றன. அரசு மருத்துவமனைகள் பலவற்றில் தாயின் மார்போடு குழந்தையை அணைத்து வைக்கும் முறையும் நடைபெறுகிறது. ஆனால், எஞ்சியுள்ள மரணங்கள் எங்கே நிகழ்கின்றன என்று பார்த்தால், அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை பிறந்த முதல் மாதத்திலேயே நிகழ்கின்றன. வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் வென்ற நாட்டுக்கு இனி மிஞ்சியிருப்பது குறைமாதப் பிறப்பும் தொற்றும் மூச்சுத் திணறலுமே. போர்க்களம் அந்த ஓர் அறைக்குள் சுருங்கிவிட்டது. ஆகவே அவ்வறை எப்படி அமைந்திருக்கிறது என்பது பொறியியலார் மட்டும் பேசித் தீர்க்கும் செய்தியன்று.

கண்ணாடிச் சுவர் எங்கிருந்து வந்தது? 1880-களில் பாரிஸில் மருத்துவர் தார்னியே, குறைமாதக் குழந்தைகளை வெதுவெதுப்பாக வைக்கும் பெட்டியை மகப்பேற்று மருத்துவமனையில் புகுத்தினார். அவர்க்குப் பின் வந்த பியேர் பூதேன், பெட்டி மட்டும் போதாது என்று கண்டார். குழந்தையிடமிருந்து பிரிக்கப்பட்ட தாயின் மனம் குழந்தையை விட்டு விலகுவதைக் கவனித்து, தாய் வந்து பாலூட்ட வேண்டும் என்று வற்புறுத்தினார். அவர் பெட்டிக்குக் கண்ணாடியை விரும்பியதும் தாய் காண்பதற்காகவே. பிறகு அக்கண்ணாடியின் நோக்கம் தலைகீழாயிற்று. அமெரிக்காவின் கோனி தீவில் 1903 முதல் 1943 வரை மார்ட்டின் கூனி என்பவர் குறைமாதக் குழந்தைகளைப் பெட்டிகளில் வைத்துக் கட்டணம் வாங்கிக் காட்சியாக நடத்தினார். பெற்றோரிடம் காசு வாங்காமல் அவர் பல்லாயிரம் உயிர்களைக் காத்தார் என்பது உண்மை. எனினும், கட்டணம் கொடுத்த அந்நியன் நிற்கும் இடமும் பெற்ற தாய் நிற்கும் இடமும் ஒன்றே என்னும் நிலை அங்கே உருவாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் மருத்துவமனைகள் காட்சிக் கட்டணத்தை நீக்கின, கண்ணாடியை வைத்துக்கொண்டன.

அச்சுவரை உடைத்தவர்கள் செல்வந்தர்களல்லர்; இல்லாமையில் சிக்கியவர்களே. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகள் கிடந்தன, தொற்றுப் பரவியது, குழந்தைகளைக் கைவிட்டுச் செல்லும் தாயரும் இருந்தனர். மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்திக் கட்டிவைக்கச் சொன்னார். கங்காருவின் பெயரால் இன்று உலகம் அறிந்த முறை அதுவே. அடுத்த ஆண்டிலேயே, எஸ்தோனியாவின் தாலின் நகரில் தாதியர் பற்றாக்குறையை எதிர்கொண்ட மருத்துவர் ஆடிக் லெவின், நோயுற்ற பச்சிளங்குழந்தைகளின் பராமரிப்பை இரவும் பகலும் தாயரிடமே ஒப்படைத்தார். தாதி வழிகாட்டினாள், தாய் செய்தாள். ஓரிடத்தில் பெட்டி இல்லை. மற்றோரிடத்தில் ஆள் இல்லை. இரண்டிடத்திலும் விடையாக வந்தவள் தாய்.

இது மனவெழுச்சியால் சொல்லப்படுவது என்று ஒதுக்குவோர்க்கு எண்களும் உள. உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு 2021-இல் வெளிவந்தது. ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையில் பிறந்த 3,211 குழந்தைகள் அதில் இடம்பெற்றனர். ஒரு பிரிவில், பிறந்தவுடனேயே தாயின் மார்பில் குழந்தை சேர்க்கப்பட்டது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 17 மணி நேரம் அந்த அணைப்பு நீடித்தது. மற்றப் பிரிவில், வழக்கம்போல் உடல்நிலை தேறிய பின்னரே அணைப்புத் தொடங்கிற்று. 28 நாளுக்குள் இறந்தவர், முதற்பிரிவில் நூற்றுக்கு 12, மற்றதில் 15.7. பயன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வு குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டது. 2022-இல் அந்நிறுவனம், குறைமாதக் குழந்தைகளுக்கு இவ்வணைப்பை இயன்றவரை பிறந்தவுடனே தொடங்குமாறு பரிந்துரைத்தது.

இவ்வாய்வில் மருந்து புதிதன்று, இயந்திரம் புதிதன்று. புதிதாக மாறியது இடம். பதினேழு மணி நேரம் அணைக்க வேண்டுமானால் தாய் அக்கூடத்துக்குள்ளேயே படுத்திருக்க வேண்டும். அதற்காகத் தில்லியின் சப்தர்ஜங் மருத்துவமனை முதலிய இடங்களில், தீவிர சிகிச்சைக் கூடத்துக்குள் தாயின் கட்டில் போடப்பட்டது. பிரசவித்தவளுக்குரிய மருத்துவமும் அங்கேயே அளிக்கப்பட்டது. கட்டில் வெளியே இருந்தபோது இறந்த குழந்தைகளுள் ஒரு பகுதி, கட்டில் உள்ளே வந்தபோது பிழைத்தது. இதைவிடத் தெளிவாகக் கட்டடக் கலைக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பை எவர் சொல்ல முடியும்? மக்கட்பேறு என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், பிள்ளையைத் தொடுவது பெற்றோர் உடலுக்கு இன்பம் என்றார். இன்றைய மருத்துவம், அத்தொடுகை பிள்ளையின் உடலுக்கு உயிர் என்கிறது.

மறுப்போர் கூறுவனவற்றையும் பார்க்கலாம். தாய் உள்ளே வந்தால் தொற்று வரும் என்பது முதல் மறுப்பு. தொற்று பெரும்பாலும் நடந்து வருவதன்று, கையில் வருவது. பத்துக் குழந்தைகளை மாறிமாறித் தொடும் கை ஒன்று; தன் குழந்தை ஒன்றையே தொடும் கை மற்றொன்று. இவற்றுள் எது அபாயம்? மேற்சொன்ன ஆய்விலும் தாயோடு இருந்த குழந்தைகளிடத்தே நச்சுக்குருதி நோயின் ஐயம் குறைவாகவே காணப்பட்டது. தொற்றுக்கு அஞ்சுவோர் அடைக்க வேண்டியது தாய் வரும் கதவையன்று. திறக்க வேண்டியது கைகழுவும் குழாயை. எந்தப் படுக்கையிலிருந்தும் ஆறு மீட்டருக்குள் கைகழுவும் தொட்டி இருக்க வேண்டும் என்பதும், படுக்கைகளுக்கிடையே ஏறத்தாழ இரண்டரை மீட்டர் இடைவெளி வேண்டும் என்பதும் உலகறிந்த அளவுகள். அவற்றைக் காற்றில் விட்டுவிட்டுத் தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நேர்மையாகாது.

இடமில்லை என்பது இரண்டாம் மறுப்பு. இடமில்லாமை இயற்கையின் விதியன்று, முன்னுரிமையின் விளைவு. உணவகத்துக்கும் வரவேற்பு மண்டபத்துக்கும் அலுவலக அறைகளுக்கும் கிடைக்கும் இடம் ஒரு கட்டிலுக்குக் கிடைக்கவில்லை என்றால், அங்கே குறைந்தது சதுர அடியன்று. இட நெருக்கடி எங்கே கொண்டு விடும் என்பதற்கு இந்தியாவின் ஜான்சி நகரம் சான்று. 2024 நவம்பர் 15 இரவு, அளவுக்கு மீறிக் குழந்தைகள் நிறைந்திருந்த சிகிச்சைக் கூடத்தில் தீப்பற்றி 10 பச்சிளங்குழந்தைகள் மாண்டன. இயந்திரங்களைச் சேர்த்துக்கொண்டே போய், இடத்தையும் மின்கம்பியையும் வழியையும் மறந்தால், காக்கும் அறையே கொல்லும் அறையாகும்.

படிப்பறிவு குறைந்த தோட்டத்துப் பெண்ணுக்கு இவையெல்லாம் புரியுமா என்பது மூன்றாம் மறுப்பு. மரத்தின் பட்டையை இழை பிசகாமல் சீவி, உள்மரத்தைக் காயப்படுத்தாமல் பாலெடுத்த கைகள் அவை. நூறு கிராம் எடையேறியதா, உதடு நீலம் பாய்ந்ததா, மூச்சு நின்று வருகிறதா என்று பார்க்க அவளுக்குப் பட்டம் வேண்டியதில்லை. பக்கத்தில் இருக்க இடமும் சொல்லித்தர ஒரு தாதியும் வேண்டும்.

மலேசியா ஏழை நாடன்று. மலாவிக்கும் கானாவுக்கும் சொன்னது இங்கே எதற்கு என்பது நான்காம் மறுப்பு. வளம் நாட்டின் கணக்குப் புத்தகத்தில் அளக்கப்படுவதன்று. தாய் நிற்கும் இடத்தில் அளக்கப்படுவது. கூலிமில் உயர்தொழில்நுட்பப் பூங்கா நிமிர்ந்து நிற்பது உண்மை. அவ்வட்டாரத்துத் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் லுனாஸிலும் சுங்கை பட்டாணியிலும் மலிவு வீடுகளில் நாட்சம்பளத்தில் வாழ்வதும் உண்மை. மூன்றாம் வகுப்புப் படுக்கைக்குக் குடிமக்களிடம் அரசு வாங்கும் கட்டணம் மிகச் சிறியது. அதற்காக நன்றி சொல்லலாம். ஆனால் பேருந்துக் கட்டணத்தையும், இழந்த கூலியையும், வீட்டில் விட்டுவந்த மூத்த பிள்ளைகளையும் எந்த மானியமும் ஈடுசெய்வதில்லை. இன்று தோட்டங்களில் மரஞ்சீவும் கைகளில் பல அயல்நாட்டுக் கைகள். அக்குடும்பங்களுக்குக் கட்டணமும் பன்மடங்கு. நேற்று தமிழச்சி நின்ற இடத்தில் இன்று இன்னொருத்தி நிற்கிறாள் என்பதால் தமிழர் கண்மூடலாகாது.

சட்டம் தந்ததையும் கட்டடம் வீணாக்குகிறது. 2023 சனவரி முதல் மகப்பேற்று விடுப்பு 98 நாளாகவும், தந்தைக்கு 7 நாள் விடுப்பும் சட்டமாயின. இருபத்தெட்டு வாரத்தில் பிறந்த குழந்தை எட்டு, பத்து வாரம் மருத்துவமனையில் கிடக்கக்கூடும். பதினான்கு வார விடுப்பில் பெரும்பகுதியைத் தாய் பேருந்து நிலையத்திலும் காத்திருப்புப் பலகையிலும் கழித்தால், அவ்விடுப்பு யாருக்குப் பயன்பட்டது?

குற்றம் முழுவதையும் அரசின் மேலும் மருத்துவமனையின் மேலும் சுமத்திவிட்டுத் தமிழர் கைகழுவ முடியாது. பதினாறு நாள் தீட்டு, முப்பது நாள் பத்தியம் என்று கணக்கிட்டு, பிள்ளை மருத்துவமனையில் உயிருக்குப் போராடும்போது பெற்றவளை வீட்டு மூலையில் உட்காரவைக்கும் குடும்பங்கள் இன்னும் உள. கண்ணாடிச் சுவர் மருத்துவமனையில் மட்டுமன்று, அவ்வீட்டிலும் நிற்கிறது. கொடையாளர்க்கும் ஒரு சொல் உண்டு. இயந்திரம் வாங்கித் தந்தால் பித்தளைத் தகட்டில் பெயர் பொறிக்கலாம். படமெடுத்து நாளிதழில் இடலாம். நாற்காலிக்கு அப்பெருமை கிட்டுவதில்லை. பழுதுபார்ப்போர் இன்றிச் சில ஆண்டில் மூலையில் கிடக்கும் இயந்திரத்தைவிட, பின்னுக்குச் சாயும் ஒரு நாற்காலி நூறு தாயரைத் தாங்கும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

இயந்திரம் வேண்டாம் என்பது இங்கே வாதமன்று. தானே மூச்சுவிட இயலாத குழந்தைக்குச் சுவாசக் கருவி வேண்டும். மேற்சொன்ன ஆய்விலும் அத்தகைய குழந்தைகள் சேர்க்கப்படவில்லை. தடையற்ற மின்சாரமும் பிராணவாயுவும் பயிற்சி பெற்ற தாதியரும் வேண்டும். அவற்றோடு, கேட்க வேண்டியவை எளியவை. ஒவ்வொரு குழந்தையின் அருகிலும் தாய் சாய்ந்து அமர ஓரிடம். பிரசவக் கூடமும் பச்சிளங்குழந்தைக் கூடமும் ஒரே தளத்தில், அடுத்தடுத்து. குழந்தையை வேறூருக்கு அனுப்பும்போது தாயையும் உடன் அனுப்பும் ஏற்பாடு. பால் பீய்ச்சவும் சேமிக்கவும் மறைவான ஓர் அறை. தொலைவிலிருந்து வருவோர்க்கு உறங்கவும் குளிக்கவும் மருத்துவமனை வளாகத்துக்குள் இடம். தாய்க்கு முடியாதபோது தந்தையோ பாட்டியோ குழந்தையை மார்பில் ஏந்த அனுமதி. கைக்கெட்டும் தொலைவில் தண்ணீர். மங்கலான விளக்கு, தணிந்த பேச்சு. இவற்றுள் எதற்கும் அயல்நாட்டு நிபுணர் வரவேண்டியதில்லை. அடுத்த முறை கூடம் புதுப்பிக்கப்படும்போது வரைபடத்தின் முன் ஒருவர் எழுந்து நின்று கேட்டால் போதும்.

அந்த ஒருவர் யார்? அரசு மருத்துவமனைகளுக்கு வருகையாளர் வாரியங்கள் உள. அவற்றில் தோட்டத்து வாழ்வறிந்தோர் இடம் கேட்கலாம். பள்ளிகளுக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் உள. ஒரு கூட்டத்தின் பொருளாக இதை வைக்கலாம். தோட்டத்தில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கு இடம் தரவேண்டும் என்று 1923-இல் சட்டம் சொன்ன பிறகும், அவ்விடத்தைக் கேட்டுப் பெற்றுக் காத்தவர்கள் ஆசிரியர்களும் பெற்றோர்களுமே. கொட்டகையில் தொடங்கிய பள்ளிகள் அப்படித்தான் கட்டடமாயின. பள்ளிக்கு இடம் கேட்கத் தெரிந்த அதே வாய், பள்ளிக்கு வருமுன் இறந்துபோகும் பிள்ளைக்கும் இடம் கேட்க வேண்டும். தமிழ்ப்பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைகிறதென்று ஆண்டுதோறும் கவலைப்படுவோர், அக்கணக்கை முதல் வகுப்பிலிருந்தன்று, முதல் மூச்சிலிருந்து தொடங்கட்டும்.

கடாரத்தை வென்ற கதையைப் பாடமாகச் சொல்லுங்கள். சொன்ன பின், சுங்கை பட்டாணியின் மாலைப் பேருந்தில் நனைந்த மார்போடு வெறுங்கையாய்த் திரும்பும் பெண்ணின் கதையையும் சொல்லுங்கள். முதற்கதை மாணவனுக்குப் பெருமை தரும். இரண்டாங்கதை அவனுக்கு வேலை தரும்.